இரண்டாவது லாப்ரடார்: பிரித்துப் பழக்கியதும் வழிக்கு வந்தது

கண்டனூர் வீட்டில் மூத்தவள், வேட்டையில் சுட்ட பறவையைக் கவ்வி எடுத்து வரும் இனமான லாப்ரடார்; அந்த வேலையில் ஏற்கெனவே தேர்ந்தவள். புதிய குட்டியோ விசிலுக்குத் திரும்பாமல் அவள் வாலையே பிடித்துக்கொண்டு ஓடியது. இருவருக்கும் கூண்டு, நடை, பயிற்சி எல்லாம் தனித்தனி என்று ஆக்கினேன்.

வீட்டின் உள்முற்றமான வளவை ஒட்டிய நீண்ட தாழ்வாரத்தில் கதவுகளைச் சாத்திவிட்டு, சுருட்டிய காலுறையை வீசினேன். கவ்விய குட்டி என்னிடம்தான் வந்தாக வேண்டும். உடனே பிடுங்கக் கூடாது. மார்பைத் தடவிக்கொடுத்தால் வாய் தானே தளரும். பல் பதியாமல் கவ்வுவதல்லவா இந்த இனத்தின் பெருமை!

பிறகு கண்மாய்க்கரை. பறவைக்குப் பதிலாக நான் வீசும் துணிப்பொதியை மூத்தவள் எடுத்து வர, குட்டி அசையாமல் பார்க்க வேண்டும். இதுதான் நாள் பிடித்தது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வனவிலங்கு வேட்டைக்குத் தடை, பொதியே போதும். இப்போது ஒற்றை விசிலுக்கே உட்கார்ந்துவிடுகிறது.