பாண்டா முகத்தில் ஒரு பென்டோ

மகளுக்கு நான் கட்டிக்கொடுக்கும் பென்டோக்களில், அதாவது ஜப்பானிய பாணி சாப்பாட்டு டப்பாக்களில், எனக்கு மிகவும் பிடித்தது பாண்டா. இரண்டே நிறம்தான் என்பதால், முதல்முறை கியாராபென் (சாப்பாட்டையே பொம்மை உருவமாக அமைக்கும் பென்டோ) செய்பவர்களுக்கு இதுவே சுலபம்.

ஜப்பானியக் குட்டை அரிசிதான் வேண்டும், பாசுமதி உதிர்ந்துவிடும். வெதுவெதுப்பான சோற்றில் உப்புத் தூவி, 80 கிராம் எடுத்து பிளாஸ்டிக் தாளில் சுற்றி இறுக்கி உருட்டுங்கள். வெறும் கை படவே வேண்டாம். காதுக்கு இரண்டு குட்டி உருண்டைகள்.

நன்றாக ஆறிய பிறகுதான் நோரி, அதாவது காய்ந்த கடற்பாசித் தாள். சூட்டில் ஒட்டினால் சுருங்கிவிடும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. “பாண்டா ஏம்மா அழுதுச்சு?” என்று மகள் கேட்டபோது மனசு கஷ்டமாகிவிட்டது.

நோரியில் கண்களை நீள்வட்டமாக வெட்டி, சற்றுச் சாய்த்து, முகத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே, நன்றாகத் தள்ளித்தள்ளி வையுங்கள். குழந்தைத்தனமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நோரி ஒட்டாவிட்டால் துளி மயோனைஸ். காதுகளை நோரியில் சுற்றி, வேகவைக்காத ஸ்பகெட்டித் துண்டால் குத்தி நிறுத்துங்கள். மதியத்துக்குள் சோற்றின் ஈரத்தில் அது ஊறி மெத்தென்று ஆகிவிடும். பல்குச்சி குழந்தைக்கு ஆபத்து.

அப்புறம் முட்டைச் சுருள், ப்ரோக்கோலி. இடைவெளியே இல்லாமல் அடைத்தால்தான் பையில் ஆடும்போது முகம் கலையாது. எல்லாம் ஆறியதும் மூடுங்கள்.