காய்ச்சல் விட்ட பிறகும் மூச்சு வாங்குகிறதா? இதயப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர்காலக் காய்ச்சல் வந்து போய் ஒரு மாதமான பிறகும் சாட்ஸ்வர்த் பகுதியின் மேடுகளில் ஏறும்போது மூச்சு வாங்கினால், வீட்டில் வேறொருவருக்குக் கொடுத்த ஆஸ்துமா பம்பை எடுத்து இழுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வைரஸ் தொற்று இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கக்கூடும். பம்ப் அதற்கு மருந்தாகாது. படபடப்பைக் கூட்டவும் செய்யலாம்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் 97 வந்துவிட்டது என்று நிம்மதியடைவதும் தவறு. இதயம் எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்பது அதில் தெரியாது. கருமையான தோலில் அந்தக் கருவி ஆக்சிஜன் அளவை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம் என்பதை நம்மவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

ஈசிஜி சரியாக இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் நம்பிப் பேச்சை முடித்துவிடாதீர்கள். படுத்திருக்கும் சில விநாடிகளின் துடிப்பைத்தான் அது பதிவு செய்கிறது. இதயம் தளர்ந்திருக்கிறதா என்று அறிய பிஎன்பி என்ற இரத்தப் பரிசோதனையும், ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ ஸ்கேனும் உதவும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு, இதயம் தளர்ந்திருந்தாலும் பிஎன்பி குறைவாகவே காட்டலாம். கிளினிக்கில் எக்கோ வசதி இல்லையென்றால், மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தேவையா என்று கேளுங்கள்.

கேட்டால் மட்டும் சொல்லலாம் என்று சில அறிகுறிகளை மறைப்பது நம் பாட்டிமார்களின் வழக்கம். தட்டையாகப் படுக்க முடியவில்லை, தலையணையை உயர்த்திக்கொள்கிறேன், நடு இரவில் மூச்சுத் திணறி எழுகிறேன், கணுக்கால் வீங்குகிறது, சில நாட்களில் எடை 2 கிலோ கூடிவிட்டது: இவற்றை முதலிலேயே சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிக்கு இதயக் கோளாறு நெஞ்சுவலி இல்லாமல் வெறும் மூச்சு வாங்கலாகவே வெளிப்படலாம்.

எல்லாவற்றையும் இதயத்தின் மேல் போடுவதும் சரியல்ல. இரத்தசோகை, நுரையீரலில் இரத்த உறைவு, இந்நாட்டில் பரவலாக உள்ள காசநோய் ஆகியவை காரணமா என்றும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது காவடி. டிசம்பரில் காய்ச்சல் கண்டவர், மூச்சு இன்னும் சீராகாத நிலையில், விரதமிருந்து தைப்பூச வெயிலில் வெறுங்காலோடு காவடி சுமக்கிறார். இதயத் தசை அழற்சி உறுதியானால் பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை கடும் உழைப்பும் உடற்பயிற்சியும் கூடாது. அந்த வேளையில் உடலை வருத்தினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். நேர்ந்துகொண்டதை முருகனுக்கு அடுத்த ஆண்டு செலுத்துங்கள். பூசகரும் குடும்பத்துப் பெரியவர்களும் இதைத் துணிந்து சொல்ல வேண்டும்.

சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், உதடு நீலமாதல் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் விடியும்வரை காத்திராதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112.