சொந்தக் கதையை எழுதத் தைரியம் வரவழைப்பது எப்படி? நான் செய்த முறை

அப்பா குடித்துக்கொண்டிருந்த காலத்தை எழுதி முடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. எழுத உட்கார்ந்தாலே கை நடுங்கும். கடைசியில் எனக்குக் கைகொடுத்த முறை இது.

முதலில், யாருக்கும் காட்டாத ஒரு நோட்டு. செல்போன் வேண்டவே வேண்டாம். அடித்த வரியை அடுத்த நொடியே அழிக்கத் தோன்றும். சாதாரண ரூல்டு நோட்டு, பால்பாயிண்ட் பேனா போதும். தினம் 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களை இப்படித்தான் எழுத வைத்தார். அந்த ஆய்வு 1986இல் வெளியானது. எழுதி முடித்ததும் மனம் கனக்கும். அது இயல்பு. தாங்கவே முடியவில்லை என்றால் நிறுத்திவிடச் சொன்னவரும் அவரே.

அப்புறம், முழு வாழ்க்கையும் வேண்டாம், ஒரே ஒரு இரவு. நான் எடுத்தது பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு முந்தின இரவு. "அப்பா குடித்துவிட்டு வந்தார், வேதனையாக இருந்தது" என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, தெருவில் கிடந்த அவருடைய ஒற்றைச் செருப்பை, யாரும் பார்ப்பதற்குள் அம்மா முந்தானையில் மறைத்து எடுத்து வந்ததை எழுதினேன். கை நடுக்கம் அங்கேதான் நின்றது.

நான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்ட இடம் அடுத்தது. கதை என்னுடையது, ஆனால் அதில் அம்மாவும் இருக்கிறார். பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் அப்பா ஒருவர்தான். பெயர் இல்லாமலே ஊருக்குத் தெரியும். சரி என்று ஒரு மத்தியானம், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்து, "செருப்பு இருக்கட்டும். தாலிக்கொடியை அடகு வச்சதை மட்டும் எடுத்துடு கண்ணு" என்றார். எடுத்துவிட்டேன்.

வெளியிடும் முன் நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "எந்த இடம் புரியலை?" என்று கேளுங்கள்.

பின்சேர்க்கை: கதையில் வருபவர் கொடுமை செய்தவர், இன்னும் அதே வீட்டில் இருக்கிறார், அவரிடமும் வாசித்துக் காட்ட வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். நம்மோடு சேர்ந்து அடிபட்டவர்களிடம் கேட்டால் போதும். நோட்டையும் அந்த வீட்டில் வைக்காதீர்கள், தோழி வீட்டில் கொடுத்து வையுங்கள். அங்கிருந்து நீங்கள் வெளியே வந்த பிறகுகூட வெளியிடலாம்.