முதல் கேலீ மாலை: ஊர் மண்டபத்தில் ஐரிஷ் குழு நடனம் நடத்துவது எப்படி

கேலீ என்னும்போது இரண்டு எழுத்தையும் நீட்டிச் சொல்லுங்கள். குறுக்கினால் நம்மூர்க் கேலி ஆகிவிடும். ஐரிஷ் மொழியில் அந்தச் சொல்லின் பழைய பொருள், சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசிப் பாடிவிட்டு வருவது. அந்தப் பெயரில் முதல் பொது நடனம் நடந்தது லண்டனில்: 1897 அக்டோபர் 30 அன்று, புளூம்ஸ்பரி ஹாலில், ஐரிஷ் மொழியை வளர்க்கும் கேலிக் லீக் என்ற அமைப்பின் ஏற்பாட்டில். அயர்லாந்தில் 1935-இல் வந்த பொது நடன மண்டபச் சட்டம் உரிமம் இல்லாத ஆட்டங்களைத் தடுத்தது. வீட்டுச் சமையலறைகளில் நடந்துகொண்டிருந்த ஆட்டம் பங்கு மண்டபங்களுக்கு (ஊர்த் தேவாலய வட்டாரத்தின் மண்டபங்களுக்கு) நகர அதுவும் ஒரு காரணம். கிளேர் மாவட்டத்தில் இன்றும் அப்படிப்பட்ட மண்டபங்களில் கேலீ நடக்கிறது.

அயர்லாந்தில் ஓர் ஊர் மண்டபம், நாற்பது பேர் வரலாம், அதில் முக்கால்வாசிப் பேர் இதுவரை ஆடாதவர்கள் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம்.

மண்டபம்

முதலில் தரையைப் பாருங்கள். அடியில் சட்டம் கொடுத்து மரப்பலகை போட்ட தரை என்றால் குதிக்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சிமென்ட் மேல் நேராக ஓடு பதித்த தரை விட்டுக்கொடுக்காது. இரண்டு மணி நேரம் ஆடினால் மறுநாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். ஆடும் ஒருவருக்கு 3 சதுர மீட்டர் வேண்டும். 8-க்கு 12 மீட்டர் தரையில் ஒரே நேரத்தில் 32 பேர் ஆடலாம், மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். நாற்காலி ஒரே வரிசைதான்.

வழுக்கட்டும் என்று மெழுகோ பவுடரோ தூவாதீர்கள். காலையிலேயே ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் போதும். காலணி தோல் அடி போட்டதாக இருந்தால் நல்லது. ரப்பர் அடி தரையைக் கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, திருகலை முழங்கால் வாங்கிக்கொள்ளும். இதை அழைப்பிதழிலேயே ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள்.

பொதுப் பொறுப்புக் காப்பீடும், இம்ரோ (அயர்லாந்தின் இசைப் படைப்புரிமை அமைப்பு) தரும் இசை உரிமமும் மண்டபக் குழுவின் பெயரில் இருக்கின்றனவா என்று தேதி குறிக்கும் முன்பே கேளுங்கள். அந்த நாளில் ஊர் அணிக்கு ஹர்லிங் (மட்டையும் பந்துமாக ஆடும் ஐரிஷ் விளையாட்டு) ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் தேதியை மாற்றுங்கள். ஹர்லிங்கோடு போட்டி போட்டு ஜெயித்த கேலீ கிடையாது. விளம்பரத்துக்குப் பங்கின் வாரச் செய்தி மடலும் கடைக் கண்ணாடியில் ஒட்டும் தாளுமே போதும்.

வாத்தியக்காரர்கள்

கில்ஃபெனோரா (1909), டல்லா (1946) போன்ற பேர்பெற்ற கேலீ பேண்டுகளில் பிடில், புல்லாங்குழல், அக்கார்டியன், பியானோ, டிரம்ஸ் என்று மேடை நிறைய ஆள் இருப்பார்கள். உங்களுக்கு மூன்று பேர் போதும்: பட்டன் அக்கார்டியன், பிடில், பியானோ. போரான் என்ற கைப்பறை சேர்த்தால் ஒன்றே ஒன்று. இரண்டு சேர்ந்தால் தாளம் தடித்து, காலடிக்குத் தெளிவு போய்விடும்.

அவர்களிடம் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். ஒன்று, 32 பார் மெட்டுகள் மட்டும். (சினிமா ரெக்கார்டிங்கில் ‘நாலு பார் வாசி’ என்பார்களே, அதே பார்: தாளத்தின் ஒரு சிறு சுற்று.) மூன்று பகுதியுள்ள மெட்டு 48 பார் போகும், ஆட்டம் ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது மெட்டு நடுவில் நிற்கும், எல்லாருக்கும் கால் குழம்பும். இரண்டு, ஆட்டம் தொடங்கும் முன் 8 பார் முன்னிசை. அதுவரை யாரும் அசையக் கூடாது. மூன்று, வேகம். ரீல் என்ற மெட்டு வகையில் ஒரு பாருக்கு இரண்டு தட்டு. பழகியவர்களுக்கு நிமிடத்துக்கு 112 தட்டு வரை சரி, உங்கள் கூட்டத்துக்கு 100-ஐத் தாண்டக் கூடாது. அந்த வேகத்தில் 32 பார் ஏறக்குறைய 38 விநாடி. எட்டுச் சுற்று போனால் 5 நிமிடம். ஆரம்பக்காரர்களின் மூச்சுக்கு அதுதான் எல்லை.

தாளம், பிறகு கால்

ரீலையும் ஜிக்கையும் பிரித்தறிய நமக்குச் சொற்கட்டு இருக்கிறது. ரீல்: ஒரு பாருக்குத் தகதிமி தகதிமி. ஜிக்: தகிட தகிட. அதையே ஒன்பதாக்கித் தகிட தகிட தகிட என்றால் ஸ்லிப் ஜிக். முதல் மாலைக்கு அது வேண்டாம்.

கற்றுக்கொள்ள வேண்டிய அடி இரண்டே. முதலாவது ‘மூன்று’: வலது, இடது, வலது, அடுத்து இடது, வலது, இடது. ஒரு மூன்றுக்கு ஒரு பார். முன்னே போகவும் பின்னே வரவும் இதுதான்.

இரண்டாவது ‘ஏழு’, பக்கவாட்டில் நகர. வலப்பக்கம் போக: வலது காலைப் பக்கத்தில் வை (1), இடது காலை அதன் பின்னால் ஒட்டி வை (2), வலது (3), இடது பின்னால் (4), வலது (5), இடது பின்னால் (6), வலது (7). எட்டாவது எண்ணிக்கை சும்மா. இதற்கு இரண்டு பார். உடனே நின்ற இடத்திலேயே இரண்டு மூன்றுகள்: இடது காலைப் பின்னால் வைத்து இடது-வலது-இடது, பிறகு வலது காலைப் பின்னால் வைத்து வலது-இடது-வலது. இன்னும் இரண்டு பார். மொத்தம் நான்கு பார். உடல் எடை வலது காலில் நிற்கும், ஆகவே திரும்பி இடப்பக்கம் போக இடது கால் தயார். கடைசி மூன்றை விட்டுவிட்டால் தவறான காலில் எடை நின்று, அடுத்த ஏழு தொடங்கவே முடியாது. பெரும்பாலான தடுமாற்றத்துக்கு இதுதான் காரணம். அடி சிறிதாக, பாத அகலத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும். தாண்டித் தாண்டி வைப்பவர் நான்காவது எண்ணிக்கையிலேயே பின்தங்குவார்.

இசை இல்லாமல் இதை மட்டும் பத்து நிமிடம் நடக்க வையுங்கள்.

முதல் ஆட்டம்: வால்ஸ் ஆஃப் லிமரிக்

ஜோடி ஜோடியாக, மண்டபத்தின் நீளத்துக்கு, எதிர் ஜோடியைப் பார்த்து நிற்கவும். 12 மீட்டரில் ஒரு வரிசைக்கு எட்டு ஜோடி, அகலத்தில் இரண்டு வரிசை. ஆண் இடப்பக்கம், பெண் வலப்பக்கம் என்பது வழக்கம். பெண்கள் தங்களுக்குள் ஆடுவது சகஜமானதால் வலப்பக்கம் நிற்பவர் மணிக்கட்டில் ஒரு ரிப்பன் கட்டிவிட்டு, ‘ரிப்பன்’, ‘வெறுங்கை’ என்று கூப்பிடுவதே எளிது.

1. ஜோடி கைகோத்து இரண்டு மூன்றுகள் முன்னே, இரண்டு மூன்றுகள் பின்னே. மறுபடி ஒருமுறை. (8 பார்)

2. எதிரெதிர் ரிப்பன்கள் இடப்பக்கமாக ஏழு போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே கடந்து இடம் மாறி, இரண்டு மூன்றுகள். (4 பார்) அடுத்து வெறுங்கைகள் வலப்பக்கமாக அதே மாதிரி. (4 பார்)

3. இப்போது எதிரே நிற்பவரின் வலது கையை உங்கள் வலது கையால் பிடித்து, வரிசையைவிட்டு வெளிப்பக்கம் ஏழு, இரண்டு மூன்றுகள். திரும்ப உள்ளே அதே போல. வெறுங்கைக்கு வெளிப்பக்கம் என்றால் தன் இடப்பக்கம். (8 பார்)

4. சொந்த ஜோடியிடம் திரும்பி, இரு கைகளையும் குறுக்காகப் பிடித்து, எதிர் ஜோடியைச் சுற்றி ஒரு வட்டம் ஆடி, அவர்களுக்கு முதுகு காட்டிப் புது ஜோடியைப் பார்த்து நில்லுங்கள். (8 பார்)

கூட்டினால் 32. மெட்டும் நீங்களும் ஒன்றாகத் தொடக்கத்துக்கு வருவீர்கள்.

எங்கே கெடும்? வரிசையின் முனைக்குப் போன ஜோடிக்கு எதிரே ஆள் இருக்காது. ஒரு சுற்று சும்மா நிற்க வேண்டும். உள்ளே பார்த்துத் திரும்பும்போது தனித்தனியே திரும்பிவிட்டால் ரிப்பன் இடப்பக்கம் வந்துவிடும், அடுத்த சுற்றில் இரண்டாம் பகுதி முட்டி மோதும். ஆகவே இடம் மாற்றிக்கொண்டு நிற்கவும். சுழலும்போது கட்டைவிரலால் எதிராளியின் கையை அழுத்திப் பிடிப்பதும் வேண்டாம், நீலம் பாயும்.

கூப்பிடுபவர்

அசைவுகளைக் கூப்பிட்டுச் சொல்பவரை ஐரிஷ் மொழியில் ஆண் என்றால் ஃபார் அன் டீ, பெண் என்றால் பான் அன் டீ என்பார்கள்: வீட்டுக்காரர், வீட்டுக்காரி. ஒரு மைக் அவருக்கு மட்டும். அவர் சொல்ல வேண்டியது அடுத்த அசைவை, சொல்ல வேண்டிய நேரம் எட்டாவது பாருக்கு முன்பு, அதாவது ஆறாவது ஏழாவது பாரில். எட்டு முடிந்து ஒன்றில் ‘இடம் மாறு’ என்றால், காதில் விழுந்து கால் எழுவதற்குள் ஒரு பார் போய்விடும். இரண்டே சொல்: ‘ரிப்பன் மாறு.’ வாக்கியம் வேண்டாம். மூன்று சுற்றுக்குப் பிறகு அவர் வாயை மூடிக்கொள்வதும் கலைதான்.

ஆட்டம் குலைந்தால் இசையை நிறுத்தாதீர்கள். ‘நில்லுங்கள், அடுத்த முன்னே-பின்னேயில் சேருங்கள்’ என்றால் போதும்.

வரிசை

இரண்டரை மணி நேரத்துக்கு ஏழெட்டு ஆட்டம். வால்ஸ் ஆஃப் லிமரிக்குக்குப் பிறகு சீஜ் ஆஃப் எனிஸ்: நான்கு பேர் வரிசை, எதிரே நான்கு பேர், ஜிக் மெட்டு, கடைசியில் ஒரு வரிசை கைதூக்கி வளைவு பிடிக்க மற்றது குனிந்து போகும். பிள்ளைகள் விடமாட்டார்கள். பிறகு மூச்சு வாங்க ஒரு வால்ட்ஸ், ஜோடியாக ஸ்டாக் ஆஃப் பார்லி. ஹேமேக்கர்ஸ் ஜிக்கை ஐந்து ஜோடி தேறும்போது மட்டும் போடுங்கள்.

நடுவில் இருபது நிமிடம் தேநீர், சோடா ரொட்டி, சாண்ட்விச். இதைக் குறைத்துவிட வேண்டாம். பாதி ஊர் வருவதே இதற்குத்தான். இடைவேளைக்குப் பின் வால்ஸ் ஆஃப் லிமரிக்கை இன்னொரு முறை வையுங்கள். முதல் முறை தடுமாறியவர் இரண்டாம் முறை தானாகக் காலெடுத்து வைப்பார்.

முடிவில் வாத்தியக்காரர்கள் அவ்ரான் நா வீன் என்ற நாட்டுப்பண்ணை வாசிக்கும் வழக்கம் உண்டு. அப்போது எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே அசையாமல் நில்லுங்கள். அது முடிந்ததும் கூட்டம் மேலங்கியைத் தேடி ஓடும். நாற்காலி அடுக்க ஆறு பேரின் பெயரைத் தேநீர் வேளையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.