கடைப் பெஸ்டோவை அன்றாடச் சமையலில் பயன்படுத்தும் முறை

கடையில் பாட்டிலில் கிடைக்கும் பெஸ்டோவை (துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலையுடன் கொட்டை, சீஸ், எண்ணெய் சேர்த்து அரைக்கும் இத்தாலியத் துவையல்) அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிடும் சாஸாகக் கருதாமல், சமைத்து இறக்கிய உணவில் கடைசியாகக் கலக்கும் பொருளாகக் கருதினால் அதன் பயன்கள் தாமாகவே பெருகும். பேசில் இலையின் மணம் எளிதில் ஆவியாகக்கூடியது. இலையின் பச்சையம் நீண்ட நேரச் சூட்டில் மெக்னீசியத்தை இழந்து மங்கிய பழுப்புப் பச்சையாக மாறிவிடும்; சீஸும் அதிகச் சூட்டில் திரிந்து கட்டிகட்டியாகும். ஆகவே உணவின் சூடே பெஸ்டோவை இளக்கப் போதுமானது.

இத்தாலியின் ஜெனோவா நகரத்து மூலச் செய்முறையில் பேசில், பைன் கொட்டை, பூண்டு, பார்மேசன் சீஸ், செம்மறி ஆட்டுப்பாலில் செய்யும் பெக்கோரினோ சீஸ், ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகியவை மட்டுமே இடம்பெறும். கடைப் பாட்டில்கள் பலவற்றில் ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி எண்ணெயும், பைன் கொட்டைக்குப் பதில் முந்திரியும், கெட்டித்தன்மைக்காக உலர்ந்த உருளைக்கிழங்குத் தூளும் சேர்ந்திருக்கும். முந்திரி சேர்ப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சேர்பொருள் பட்டியலில் பேசில் மிகவும் பின்னால் வருமானால் அந்தப் பாட்டிலைத் தவிர்ப்பதே நல்லது. கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பரிமாறுவதாக இருந்தால் லேபிளைக் கட்டாயம் படிக்க வேண்டும். அசல் பார்மேசன் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதியைக் கொண்டு உறையவைக்கப்படுவதால், சைவ உணவினர் தங்களுக்கு ஏற்றது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பாட்டிலைத் திறந்ததும் அரைக் கரண்டி எடுத்துச் சுவைத்துப் பார்க்க வேண்டும். அறை வெப்பத்தில் வைத்து விற்கப்படும் பாட்டில்கள் கெடாமலிருக்கச் சூடேற்றி அடைக்கப்படுவதால் புதுமணம் குறைந்தும், உப்பு தூக்கலாகவும் இருப்பது வழக்கம். சில சொட்டு எலுமிச்சைச் சாறும், கைப்பிடி பேசில் அல்லது பார்ஸ்லி இலையைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பதும் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிடும். கூடவே சமைக்கும் மற்றப் பொருள்களில் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பாஸ்தாவில் கலக்கும்போது, ஒருவருக்கு 100 கிராம் உலர்ந்த பாஸ்தாவும், 2 மேசைக்கரண்டி பெஸ்டோவும் சரியான அளவு. பாஸ்தாவை வடிப்பதற்கு முன் அது வெந்த நீரில் ஒரு கோப்பை எடுத்து வைத்துவிட்டு, அடுப்பை அணைத்தபின் பாஸ்தாவை அகன்ற பாத்திரத்தில் போட்டுப் பெஸ்டோவுடன் இரண்டு கரண்டி அந்த நீரை ஊற்றிக் கிளற வேண்டும். தொடக்கத்தில் எண்ணெய் தனியாகவும் நீர் தனியாகவும் பாத்திரத்தின் அடியில் தேங்கி நிற்கும். நீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்து இரண்டையும் இணைக்க, ஒரு நிமிடத்துக்குள் அது பாலேடு போலத் திரண்டு ஒவ்வொரு துண்டிலும் ஒட்டிக்கொள்ளும். இறுகிவிட்டால் இன்னும் ஒரு கரண்டி நீர் விட வேண்டுமே தவிர, பெஸ்டோவை அள்ளிப் போடக் கூடாது. ஜெனோவாக்காரர்கள் பாஸ்தா வேகும் பாத்திரத்திலேயே உருளைக்கிழங்குத் துண்டுகளையும் பச்சை பீன்ஸையும் சேர்த்து வேகவைப்பது வழக்கம். கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பாஸ்தாவுக்கு ஐந்து நிமிடம் முன்பாகவும், பீன்ஸைப் பாஸ்தா பாதி வெந்த பிறகும் போட்டால் மூன்றும் ஒன்றாகப் பதமாகும். கிழங்கின் ஓரங்கள் கரைந்து சாஸை மேலும் கெட்டியாக்கும் என்பதால், எண்ணெய்ப்பசை மிகுந்த மலிவான பெஸ்டோவுக்கும் இந்த முறை மிக ஏற்றது.

பாஸ்தாவை விட்டால் எனக்குப் பிடித்தது உருளைக்கிழங்குதான். தோலுடன் வேகவைத்த சிறு கிழங்குகளைச் சூடாறுவதற்குள் இரண்டாகப் பிளந்து, பெஸ்டோவையும் ஒரு தேக்கரண்டி வினிகரையும் சேர்த்துப் புரட்டினால், மயோனைஸ் இல்லாமலே நல்ல சாலட் கிடைக்கும். கிழங்கு ஆறிவிட்டால் சுவையை உள்ளிழுக்காது. ஓவனில் சுட்ட காலிஃபிளவர், கேரட், சுரைக்காய் வகைகளிலும், ஆவி பறக்கும் சோற்றிலும் இப்படியே கடைசியில் பிரட்டலாம். காய்கறி சூப்பில் பாத்திரத்தோடு கலப்பதைவிட, கிண்ணத்தில் ஊற்றியபின் ஒவ்வொருவருக்கும் ஒரு தேக்கரண்டி மேலே வைப்பதே சிறப்பு. மினெஸ்ட்ரோனே என்ற காய்கறி சூப்பை ஜெனோவாவில் இறக்கிய பிறகுதான் பெஸ்டோவால் நிறைவு செய்கிறார்கள்.

சாண்ட்விச்சில் பெஸ்டோவை அப்படியே தடவினால் எண்ணெய் ரொட்டியில் ஊறிவிடும். ஒரு பங்கு பெஸ்டோவுக்கு இரண்டு பங்கு கெட்டித் தயிர் அல்லது மயோனைஸ் கலந்து தடவினால் அந்தத் தொல்லை இல்லை. இதே கலவை வெள்ளரி, கேரட் துண்டுகளைத் தொட்டுச் சாப்பிடவும் உதவும்.

சூடு காட்டக் கூடாது என்ற விதிக்கு விலக்குகளும் உண்டு. ஒரு மேசைக்கரண்டி பெஸ்டோவை வாணலியில் பரப்பி மிதமான தீயில் எண்ணெய் பிரிந்து சலசலக்கும்போது முட்டையை உடைத்து ஊற்றினால், சீஸ் அடியில் மொறுமொறுப்பாகி முட்டையின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். பச்சை நிறம் போவதை இங்கே பொருட்படுத்த வேண்டியதில்லை. மீன் துண்டின் மேல் பெஸ்டோவைத் தடவி, அதன்மேல் ரொட்டித்தூளை அழுத்தி 200 டிகிரி செல்சியஸில் சுடும்போது, நேரடிச் சூட்டைத் தூள் தாங்கிக்கொள்வதால் உள்ளே மணம் தங்கும். உலர்த்திய தக்காளியில் செய்யும் சிவப்புப் பெஸ்டோ சூட்டுக்கு அவ்வளவாக அஞ்சாது. பீன்ஸ் வகைகளை வேகவைக்கும் குழம்பிலும் அதைத் தயங்காமல் சேர்க்கலாம்.

திறந்த பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, லேபிள் குறிப்பிடும் நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். ஈரமில்லாத கரண்டியால் எடுத்து, உள்சுவரில் ஒட்டியிருப்பதை வழித்துச் சமன்செய்து, மேலே எண்ணெய் ஊற்றி மூடினால் காற்றுப் படாமல் நிறம் கறுக்காது. ஆனால் எண்ணெய் கிருமிகளைக் கொல்வதில்லை என்பதால், எண்ணெய் மூடியிருக்கிறதே என்று வெளியில் விட்டுவைக்கக் கூடாது. மேற்பரப்பு சற்றுக் கறுத்திருப்பதில் தீங்கில்லை. பூஞ்சையோ புளித்த வாடையோ தென்பட்டால் மேலாக மட்டும் எடுத்துப் போடாமல் முழுவதையும் கொட்டிவிட வேண்டும். ஒரு வாரத்தில் தீராது என்று தோன்றினால், திறந்த அன்றே மீதியை ஐஸ் டிரேயில் குழிக்கு ஒரு மேசைக்கரண்டியாக உறையவைத்து, கட்டிகளைப் பையில் மாற்றி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டிகளை உருக்காமலேயே சூடான பாஸ்தாவிலோ சூப்பிலோ போடலாம்.