கண்ணுல ஓயாம தண்ணியா? மூக்கு வழி ஆபரேஷனுக்கு இப்படித் தயாராகுங்க

எங்க மாமியார் பாலக்கோட்டுல தக்காளி தரம் பிரிக்கிறவங்க. முந்தானையால கண்ணைத் துடைச்சுத் துடைச்சு இமையே புண்ணாயிடுச்சு.

கண்ணும் மூக்கும் சேர்ற மூலையில மெதுவா அழுத்தினா சீழ் வருதா? கண் டாக்டர்கிட்ட போயிடுங்க. சிவந்து வீங்கியிருந்தா அழுத்தவே வேண்டாம். டாக்டர் கண்ணீர்த் துளையில உப்புத்தண்ணி விட்டுப் பார்ப்பார். தொண்டையில கரிச்சா வழி திறந்திருக்கு. கண்ணுலயே திரும்பி வழிஞ்சா அடைப்பு.

இந்த அடைப்புக்கு மூக்கு வழியா சின்ன கேமரா குழாய் விட்டுச் செய்ற ஆபரேஷன்தான் எண்டோஸ்கோப் டிசிஆர். இதுல முகத்துல தையல் இல்ல. மூக்குக்குள்ள எலும்பைக் கொஞ்சம் எடுத்து, கண்ணீர்ப்பையிலிருந்து புது வழி திறப்பாங்க. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கத் தர்ற மாத்திரை சாப்பிட்டா முன்னாடியே சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. மூக்குத்தியை வீட்லயே கழட்டிடுங்க. எங்க மாமியாரோட திருகாணி வர தேங்காய் எண்ணெய் விட்டு அரைமணி நேரம் போராடினோம்.

ஆபரேஷனுக்கு அப்புறம்தான் கஷ்டம். ஒரு வாரமாவது மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும். முதல் நாள் சூடா காபி கிடையாது (எங்க வீட்டுச் சண்டையே அதுக்குத்தான்). தலையை உயர்த்திப் படுக்கணும். கண் மூலையில நூலாட்டம் சிலிக்கான் குழாய் தெரிஞ்சா இழுக்காதீங்க, டாக்டரே பிறகு எடுப்பார். ரத்தம் நிக்காம வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.