முதியோர் இல்லத்துக்கு வாரம் 2 மணி நேரம்: குமரி மாவட்ட இளைஞர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கல்லூரியில் படிப்பவர்கள், பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள், வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். முதியோர் இல்லத்தில் தன்னார்வலராகப் பணிபுரியப் பணமும் வேண்டாம், முன் அனுபவமும் வேண்டாம். வாரத்தில் 2 மணி நேரம் வேண்டும். அது ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில், அதே நேரத்தில் இருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு நிபந்தனையிலிருந்து பிறந்தவை.

நம் மாவட்டத்தில் பல வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடா நாட்டிலோ, கப்பலிலோ, வெளிநாட்டு மருத்துவமனையில் நர்ஸாகவோ இருக்கிறார். பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள், அலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஆனால் பெற்றவர்களின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார ஆள் இல்லை. பிறந்தநாள், நினைவுநாள், கிறிஸ்துமஸ், ஓணம், தீபாவளி என்றால் இல்லங்களுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர். அந்த உதவியும் தேவைதான். இருந்தாலும் ஒரே நாளில் மூன்று குழுக்கள் பிரியாணிப் பாத்திரத்தோடு வாசலில் நிற்பதும், அடுத்த வாரம் ஒருவரும் எட்டிப் பார்க்காததும் இல்லங்களை நடத்துகிறவர்களுக்குப் பழகிப்போன வருத்தம். அந்த அடுத்த வாரத்துக்குத்தான் ஆள் தேவை.

முதல் படி: உங்கள் பஸ் போகும் பாதையில் ஓர் இல்லம்

நல்ல பெயர் பெற்ற இல்லம் எது என்று மாவட்டம் முழுக்க விசாரிக்க வேண்டாம். நீங்கள் தினமும் போகும் டவுன் பஸ் பாதையில் எது இருக்கிறது என்று பாருங்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மாவட்டம் இது. தக்கலையில் இருப்பவர் அஞ்சுகிராமம்வரை போய்வருவதாகத் திட்டமிட்டால், ஜூன் மழையில் ஒரு முறையும் ஐப்பசி அடைமழையில் இன்னொரு முறையும் தவறும். பிறகு விட்டுப்போகும்.

இங்கே திருச்சபைகளும் துறவற சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் இல்லங்கள் பல உண்டு. உங்கள் தேவாலயத்திலோ கோயில் நிர்வாகத்திலோ ஜமாஅத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சமூகநல அலுவலகத்திலும் விசாரிக்கலாம். கல்லூரியில் படிப்பவராக இருந்தால் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரிடம் முதலில் பேசுங்கள். 1969இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். வாரம் 2 மணி நேரம் என்று வைத்தால் ஓராண்டில் 100 மணி நேரத்தைத் தாண்டிவிடும். இந்தப் பணியையே அதில் கணக்கில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

இரண்டாம் படி: நேரில் போய் அனுமதி கேட்பது

குழுவாகப் போகாதீர்கள். இருவர் போதும். பொறுப்பாளரைப் பார்த்து, “வாரம் ஒரு நாள் 2 மணி நேரம் வர முடியும். எந்த நாள், எந்த நேரம் உங்களுக்கு வசதி?” என்று கேளுங்கள். காலையில் குளியல், மருந்து, காலை உணவு என்று பணியாளர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. மதியம் பலர் உறங்குவார்கள். பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேலோ, பிற்பகல் மூன்றரைக்கு மேலோ வரச் சொல்வார்கள். அடையாள அட்டையின் நகலைக் கையில் வைத்திருங்கள். 18 வயது நிறையாதவர்கள் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு போக வேண்டும்.

ஏற்க முடியாத நாளை ஒப்புக்கொள்ளாதீர்கள். மாதம் இருமுறைதான் முடியும் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். சொன்ன நாளில் வந்துவிட்டால் மாதம் இருமுறை என்பதே பெரிய உதவி. வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருந்தால், உங்களுக்காக முகம் கழுவி, சட்டை மாற்றி, வராந்தாவில் வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரை வாசலைப் பார்க்கவிட்டு வீட்டில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

மூன்றாம் படி: கிளம்பும் முன்

காய்ச்சல், இருமல், கண்நோய், அம்மை என எது இருந்தாலும் அந்த வாரம் போகக் கூடாது. இளைஞருக்கு மூன்று நாளில் போய்விடும் சளி, எண்பது வயதில் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். போகவில்லை என்பதைப் போன் செய்து பொறுப்பாளரிடம் சொல்லி, உங்களுக்காகக் காத்திருப்பவரிடமும் தெரிவிக்கச் சொல்லுங்கள். போகும் நாளில் வாசலிலேயே சோப்புப் போட்டு 20 நொடியாவது கை கழுவுங்கள். கடும் வாசனைத் திரவியம் வேண்டாம்; மூச்சிரைப்பு உள்ளவர்கள் இருப்பார்கள்.

நான்காம் படி: பேசத் தொடங்குவது

புதியவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அழைக்கும் முறை. எல்லோரையும் தாத்தா, பாட்டி என்று அழைத்துவிடாதீர்கள். “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?” என்று கேளுங்கள். நாஞ்சில் நாட்டுப் பக்கத்தவர் ஆச்சி, பாட்டா என்றால் மகிழ்வார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ‘சார்’ என்று அழைப்பதையே விரும்பலாம். சிலர் உங்களை முதல் நாளிலேயே “மக்களே” என்று அழைத்துவிடுவார்கள். அதன்பின் கவலை இல்லை. குழந்தையைக் கொஞ்சும் குரலில் மட்டும் பேச வேண்டாம். அவர்கள் குடும்பம் நடத்தியவர்கள், கடன் அடைத்தவர்கள், கடலைப் பார்த்தவர்கள்.

நின்றுகொண்டு பேசாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கண் மட்டத்துக்கு வந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி இருங்கள். வயதானால் உச்சத் தொனி ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகின்றன. அதனால் கத்தினால் சத்தம்தான் கேட்கும், சொல் புரியாது. குரலைச் சற்றுத் தாழ்த்தி, நிதானமாக, உதடு தெரியப் பேசுங்கள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தால் அனுமதி கேட்டு ஒலியைக் குறையுங்கள்.

“எத்தனை பிள்ளைகள்? ஏன் இங்கே வந்தீர்கள்?” என்ற கேள்விகளைக் கேட்கவே கூடாது. அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் திட்டுவதில் நீங்கள் சேர்ந்துகொள்ள வேண்டாம். இன்று திட்டுகிறவர் நாளை அதே மகனின் போனுக்காகக் காத்திருப்பார்.

நான் பரிந்துரைக்கும் முதல் கேள்வி: “நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?” குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களைக் கேட்க வாழ்நாள் போதாது. பனையேறியவர் அக்கானி (பதநீர்) இறக்கிக் கருப்பட்டி காய்ச்சியதைச் சொல்வார். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், விடியும் முன்பே எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்ததைச் சொல்வார். இன்றும் அவருக்கு அதே நேரத்தில் விழிப்பு வந்துவிடுவதை இல்லத்துப் பணியாளர்கள் தூக்கமின்மை என்று நினைத்திருக்கலாம். அண்டி ஆபீஸ் என்று நாம் சொல்லும் முந்திரி ஆலையில் கொட்டை உடைத்த அம்மா, தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களைப் பற்றிப் பேசுவார். குளச்சல், முட்டம் கடற்கரையிலிருந்து வந்தவர் கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றின் பெயர்களைச் சொல்லி, எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்று விளக்குவார். கேள்வி கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். கற்பிக்க ஆள் கிடைத்த மகிழ்ச்சி அவர்களிடம் அப்படியே தெரியும்.

இன்னொரு செய்தியையும் நினைவில் வையுங்கள். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர் பகுதியாக இருந்ததால், எண்பது வயதைத் தாண்டியவர்களில் சிலர் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள். தமிழ் நாளிதழை அவர்கள் புரட்டாமல் வைத்திருப்பது பார்வைக் குறைவால் மட்டும் இருக்காது. நீங்கள் வாசித்துக் காட்டலாம், அல்லது ஒரு மலையாள நாளிதழை வாங்கிப் போகலாம். அந்த இணைப்பைக் கேட்டு நடந்த போராட்டத்தின்போது, 1954இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டைச் சிறு வயதில் கேட்டு நடுங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பினால், அனுமதி பெற்று, குரலைப் பதிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: சேர்ந்து செய்யும் வேலை

சும்மா பேசிக்கொண்டே இருக்க இருவருக்கும் அலுக்கும். கையில் ஏதாவது வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். பல்லாங்குழி, தாயம், சீட்டு எதுவானாலும் சரி. தோவாளைப் பக்கத்து ஆச்சியிடம் பூவும் நாரும் கொடுத்து, கட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். ஓலை முடைந்தவர், வலை பின்னியவர், கயிறு திரித்தவர் என ஒவ்வொருவர் கையிலும் ஒரு வித்தை இருக்கும்.

நாளிதழ் வாசிக்கும்போது இரங்கல் விளம்பரங்களைத் தவிர்க்க வேண்டாம். பலர் முதலில் கேட்பதே அதைத்தான். தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். வெளிநாட்டில் உள்ள மகளுக்கு வீடியோ அழைப்பு போட்டுத் தருவது மிக எளிய உதவி. இணைப்பு கிடைத்ததும் எழுந்து வெளியே போய்விடுங்கள். ஜெபம், தேவாரம், குர்ஆன் எது வாசிக்க வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். உங்கள் சமயத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

ஆறாம் படி: தொடக் கூடாத வேலைகள்

பாசத்தால் செய்யும் காரியத்திலும் ஆபத்து உண்டு. இந்தப் பகுதியை இருமுறை வாசியுங்கள்.

பணியாளரைக் கேட்காமல் எதையும் உண்ணக் கொடுக்காதீர்கள். மட்டிப்பழமும் முந்திரிக்கொத்தும் நம் ஊர்ப் பாசத்தின் அடையாளங்கள்தாம், ஆனால் சர்க்கரை நோயாளிகள் இருப்பார்கள். பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குத் தண்ணீர்கூட மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். படுத்திருப்பவருக்கு எதையும் வாயில் ஊற்றக் கூடாது.

கட்டிலிலிருந்து தூக்குவது, குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, சர்க்கரை நோயாளியின் கால் நகம் வெட்டுவது ஆகியவை பயிற்சி பெற்றவர்களின் வேலை. நடக்க உதவும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் கையை நீட்டி அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் ஏறும்போதும் இறங்கும்போதும் பிரேக் போட்டிருக்க வேண்டும். சரிவில் இறக்கும்போது நீங்கள் முன்னே, நாற்காலி பின்னோக்கி வர இறக்குங்கள். கீழே விழுந்துவிட்டால் உடனே தூக்காமல் பணியாளரைக் கூப்பிடுங்கள், எலும்பு முறிந்திருக்கலாம்.

பணம் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். ஏடிஎம் அட்டை, பாஸ்புக், பத்திரம் எதையும் கையில் எடுக்காதீர்கள். சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கவனிக்கவில்லை என்று யாராவது சொன்னால், பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட வழி இருக்கிறது. நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என இரு கோட்டங்கள். இல்லத்துக்குள்ளேயே யாராவது துன்புறுத்தப்படுவதைக் கண்டால் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணை அழையுங்கள். இதில் தயக்கம் வேண்டாம்.

புகைப்படம் வேண்டாம். முதியவரின் கையைப் பிடித்தபடி எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும்போது, அந்தப் படத்தை அவருடைய சொந்த ஊர்க்காரர் பார்ப்பார். தான் இல்லத்தில் இருப்பதை ஊருக்குச் சொல்லாமல் வைத்திருக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசியுங்கள்.

ஏழாம் படி: நினைவு தப்பியவர்களோடு

“என்னைத் தெரிகிறதா?” என்று கேட்காதீர்கள். பதில் சொல்ல முடியாமல் அவர் குன்றிப்போவார். ஒவ்வொரு முறையும் நீங்களே பெயரைச் சொல்லி, “போன வாரம் வந்தேன், இன்றும் உங்களைப் பார்க்க வந்திருக்கிறேன்” என்று உட்காருங்கள். “வீட்டுக்குப் போகும் பஸ் வந்துவிட்டதா?” என்று ஒருவர் கேட்டால், வீடே விற்றாகிவிட்டது என்று திருத்த வேண்டாம். வந்துவிடும் என்று பொய்யும் சொல்ல வேண்டாம். “வீட்டு முற்றத்தில் என்ன மரம் நின்றது?” என்று கேளுங்கள். பலா என்றால் வருக்கைச் சக்கையா, கூழனா என்பதில் பேச்சு அரை மணி நேரம் போகும், பதற்றமும் தணியும். உங்கள் பெயர் கடைசிவரை அவருக்குப் பதியாமலே போகலாம். ஆனால் அந்தக் கிழமையில் வரும் உங்கள் முகம் அவருக்குப் பயமில்லாத முகமாக ஆகிவிடும்.

எட்டாம் படி: ஒரு கட்டில் காலியாக இருக்கும் நாள்

இந்தப் பணியில் அது வரும். உடனே கிளம்பி வந்துவிடாமல், பணியாளர்களோடு சற்று நேரம் உட்காருங்கள்; அவர்களுக்கும் அது இழப்புதான். அடக்கத்துக்குப் போக முடிந்தால் போங்கள். சில இறுதிச் சடங்குகளில் பத்துப் பேர்கூட இருப்பதில்லை. வீட்டில் யாரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள். ஒரு வாரம் விட்டுப் போகத் தோன்றினால், பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு விடுங்கள்.

ஒன்பதாம் படி: கைமாற்றிக் கொடுப்பது

படிப்பு முடியும், வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போவீர்கள். ஒரு மாதம் முன்பே அவர்களிடம் நேரடியாகச் சொல்லுங்கள்; திடீரென்று நின்றுபோகாதீர்கள். உங்கள் தம்பியோ, தங்கையோ, ஜூனியரோ ஒருவரைக் கடைசி வாரங்களில் கூடவே அழைத்துப் போங்கள். யாருக்கு இடது காது கேட்காது, யாரை ‘சார்’ என்று அழைக்க வேண்டும், யாருக்கு மலையாள நாளிதழ் வேண்டும், யாரிடம் எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பதையெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். கிழமையையும் நேரத்தையும் மட்டும் மாற்ற வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.